முப்பத்தாறில் ஒன்று

மகாராஷ்டிரத்தில், தாபோடியில் நான் குடியிருந்த மாடி அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். குடிவந்த முதல் வாரமே அதில் கறுப்புக் காகிதம் ஒட்டிவிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பெனி வண்டி வந்து என்னை அள்ளிக்கொண்டு போகும். அமெரிக்காக்காரன் வீட்டுக் கம்ப்யூட்டர் ரிப்பேரையெல்லாம் டெலிபோனிலேயே கேட்டுத் தீர்த்துவிட்டுக் காலை ஐந்தரைக்குத் திரும்பி வந்து விழுந்தால் மத்தியானம் மூன்று வரைக்கும் அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். காதில் பஞ்சு வேறு. கோயம்புத்தூரிலிருந்து அம்மா, "வெயிலே படாம இருக்கியேடா விச்சு" என்று போனில் அங்கலாய்ப்பாள். ஆனால் என் அறைக் கதவைத் திறந்தால் மூன்றடி தள்ளி, மொட்டை மாடியில், வெயிலைப் பிடிப்பதற்கென்றே ஒரு சாமான் தெற்குப் பார்த்துச் சாய்ந்து நின்றது. பக்கத்தில் குடியிருந்தும் பகல் வெளிச்சத்தில் நான் அதைப் பார்த்தது விரல் விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான்.

வீட்டுக்காரர் நார்மன், அந்தச் சாமானைச் செய்தவர். போசரியில் சோலார் பேனல் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் பதினான்கு வருஷமாக வேலை. அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்திலிருந்து வந்து ராணுவ எஞ்சினியரிங் காலேஜ் மெஸ்ஸில் கணக்கு எழுதியவர். நார்மன் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் தாபோடியில்தான். திருநெல்வேலியை மொத்தம் நான்கு தடவை பார்த்திருப்பார். பேச்சு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. அவர் மனைவி பெட்டி ஆன்ட்டியும் அப்படித்தான். கடைக்காரனிடம் மராத்தியில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பி என்னிடம், "கேட்டியா தம்பி, அழுகின தக்காளிய எப்படிக் குடுக்கான் பாரு" என்பார்.

அவர்களுக்கு ஒரே பையன் நீல். இருபத்திரண்டு வயது. எட்டு வயதில் படி ஏறும்போது கால் மடங்கி விழுந்தவன். டாக்டர்கள் தசை கரைகிற நோய் என்றார்கள். பன்னிரண்டில் சக்கர நாற்காலி. பதினெட்டில் கை தூக்க முடியாமல் போனது. நான் அங்கே குடிவந்த வருஷத்தில் விரல்கள் மட்டும் கொஞ்சம் அசையும். மூச்சுத் தசையும் தளர்ந்துவிட்டதால் படுத்தால் அவனுக்கு மூச்சு ஏறாது. மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி கட்டி, குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷின் ஒன்றை ஆஸ்பத்திரி டிரஸ்ட் இரவலாகக் கொடுத்திருந்தது. ஷூ டப்பா அளவுதான். அது ஓடுகிறவரை நீல் தூங்கலாம்.

இது இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம். மின்சாரம் போதாமல் மகாராஷ்டிரமே நாறிக்கொண்டிருந்தது. எங்கள் பகுதியில் காலை ஆறிலிருந்து எட்டு, மத்தியானம் இரண்டிலிருந்து நாலரை. மணி அடித்தாற்போல் போய்விடும். "லைட் கேலி" என்று, அதாவது கரண்ட் போச்சு என்று, சந்துப் பிள்ளைகள் மராத்தியில் கத்துவதை வைத்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஊரில் எல்லாரும் வைத்திருப்பதுதான். கரண்ட் இருக்கும்போது பேட்டரியில் ஏற்றிக்கொண்டு, போகும்போது கொடுக்கும். ஏப்ரல் மாதம் அதில் ஏற்றுகிற பாகம் கருகிவிட்டது. கட்கி பஜாரில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தால் சரி செய்துவிடுவான் என்று ஆன்ட்டி சொல்லிக்கொண்டே இருந்தார். நார்மன் அங்கிள் கேட்கவில்லை.

"அந்த சார்ஜர நம்பி, லோ வோல்டேஜ்ல ரெண்டு பேட்டரி செத்தது போதாதா? நான் பதினாலு வருஷமா ஊருக்கெல்லாம் பேனல் கட்டிக் குடுக்கேன். என் பிள்ளைக்கு நான் கட்ட மாட்டேனா? கவர்மென்ட் கரண்ட கட் பண்ணலாம் பெட்டி. வெயில எவன் கட் பண்ணுவான்?"

பட்டறையில் விளிம்பு உதிர்ந்தது, கீறல் விழுந்தது என்று ஒதுக்கிய செல்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தார். மே மாதம் முழுக்க, வேலை முடிந்து வந்து, ஹாலில் தரையில் ஒரு கண்ணாடியை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எனக்கு வார லீவு என்றால் நானும் போய் உட்காருவேன். பற்றவைக்கிற ஈயத்தின் புகையும் ஆன்ட்டி வைக்கிற மீன் குழம்பின் வாசமும் ஒன்றாக அடிக்கும். நீல் நாற்காலியில் இருந்து மேற்பார்வை.

"விச்சு பய்யா, நீ நல்லா பாத்துக்கோ. டாடி ஃப்ரீ லெக்சர் குடுப்பாரு. சமோசா மட்டும் நீ வாங்கணும்," என்பான். அவன் தமிழ் அப்படித்தான், பாதி வழியில் இந்திக்குத் தாவிவிடும்.

செல் என்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலத் தகடு. அப்பளம் போல் மெலிசு. அழுத்திப் பிடித்தால் நொறுங்கிவிடும்.

"இது மணல்ல இருந்து எடுத்த சிலிக்கான்," அங்கிள் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். "மேல்பக்கம் ஒரு மருந்து கலந்திருக்கும். கீழ்ப்பக்கம் வேற மருந்து. ரெண்டும் சந்திக்கிற எடத்துல ஒரு சரிவு உண்டாகும், கண்ணுக்குத் தெரியாது. வெயில் வந்து விழுந்த உடனே உள்ள ஒட்டிக்கிட்டு இருக்க எலக்ட்ரான் கழண்டுரும். கழண்டத அந்தச் சரிவு ஒரே பக்கமா உருட்டி விட்டுரும். திரும்பி வர விடாது. மேல வெள்ளிக் கோடு போட்டிருக்கு பாத்தியா, அது பொறுக்கி எடுத்துக்கிடும். அவ்வளவுதான் கரண்ட். புகை இல்ல, சத்தம் இல்ல, தேய்மானம் இல்ல."

"அப்ப பெரிய தகடா ஒண்ணே ஒண்ணு போட்டாப் போதாதா அங்கிள்?"

"எம்புட்டுப் பெரிசானாலும் ஒரு செல்லு அரை வோல்ட்தான் தரும். பேட்டரிக்குள்ள ஏறணும்னா அதுக்கு மேல உசரம் வேணும். அதான் முப்பத்தாற வரிசையாக் கோக்கேன். வோல்ட் கூடிக்கிட்டே போகும். ஆனா ஆம்ப், ஓடுற கரண்டோட அளவு, அது கூடாம அப்படியேதான் இருக்கும். ஸ்லாப் போடுறப்ப சட்டி கை மாத்துவாவல்ல, வரிசையா நின்னு? முப்பத்தாறு பேரு நிக்கான்னு வையி. ஒவ்வொருத்தனும் வாங்குதான், அடுத்தவன்கிட்ட குடுக்கான். நடுவுல ஒருத்தன் கையக் கட்டிட்டு நின்னுட்டான்னா?"

"மத்தவனும் நிக்க வேண்டியதுதான்."

"மத்த முப்பத்தஞ்சு பேரும் பயில்வானா இருந்தாலும் நிக்கணும். அதனாலதான் ஒவ்வொரு செல்லா அளந்து அளந்து கோக்கேன்."

நீல் சிரித்துக்கொண்டே, "நம்ம வீட்ல அந்த நின்னுட்டவன் நான்தான டாடி? என்னாலதான நீங்க எல்லாரும் நிக்கிறீங்க?" என்றான்.

அங்கிள் பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்தார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். சமையலறையிலிருந்து ஆன்ட்டி, "ஏல, இப்படிப் பேசாத. உங்க அப்பா ராத்திரி சாப்பிட மாட்டாவ," என்றார். "போதும் மம்மி, மஜாக் பண்ணேன், சும்மா விளையாட்டுக்கு," என்றான் நீல். அன்றைக்கு அங்கிள் சாப்பிடவில்லைதான்.

ஜூன் மழைக்கு முன்னால் பேனல் மாடிக்கு ஏறியது. வயர் கீழே இறங்கி ஹாலுக்கு வந்தது. பேட்டரிக்கு மேலே சுவரில் ஒரு சின்னப் பலகை. அதில் ஒரு பச்சை விளக்கு. ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்தா பாரு. பகல்ல பச்சை எரிஞ்சா கரண்ட் ஏறுதுன்னு அர்த்தம். எரியலன்னா எனக்கு போன் பண்ணு. வேற ஒண்ணும் நீ பாக்க வேண்டாம்."

ஆம்ப் காட்டுகிற மீட்டர் ஒன்றும் அந்தப் பலகையில் இருந்திருக்க வேண்டும். பட்டறை மீட்டரைத்தான் கொண்டுவந்து மாட்டியிருந்தார். ஆகஸ்டில் சூப்பர்வைசர் கருவிகளைச் சரிபார்த்தபோது திருப்பி வைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இரவல் கொண்டுவந்து அளந்து பார்ப்பார். ஒரு தடவையும் குறைந்ததில்லை. நாலு நாள் மேகம் போட்டாலும் பேட்டரி தாங்கும் என்று பெருமையாகச் சொல்லுவார். மழைக்காலத்திலேயே தாங்கியது. ஆன்ட்டி கட்கி மெக்கானிக்கைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

டிசம்பர் வந்தது. முளா ஆற்றிலிருந்து விடியற்காலையில் பனி எழும்பித் தெருவை மூடிக்கொள்ளும். எட்டு மணிக்கு மேல் அதே தெருவில் கண்ணாடி மாதிரி வெயில். அங்கிள் பட்டறையில் பெரிய ஆர்டர். ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லிவிட்டார்கள். நான்காம் தேதி ஞாயிறு அவர் வேலை முடிந்து வரும்போது ஆறு மணி. எனக்கு லீவு. ஸ்டார் கட்டப் போகலாம் என்று கூப்பிட்டார்.

தாபோடி, கட்கிப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் மாடிக்கு மாடி மூங்கில் நட்டு நட்சத்திரம் ஏற்றுவார்கள். நார்மன் வீட்டில் அதோடு கூட வெள்ளித் தோரணமும் உண்டு. மூங்கில் உச்சியிலிருந்து மாடியின் நான்கு மூலைக்கும் சணல் கயிறு இழுத்து, சாணுக்கு ஒன்றாக வெள்ளித்தாள் இலைகள் ஒட்டியிருக்கும். உள்ளங்கை அகல இலைகள். நீலுக்கு விரல் ஓடின காலத்தில், பதினைந்து வயதில், டீத்தூள் பாக்கெட்டின் உள்தாளைச் சேர்த்துச் சேர்த்து அவன் நறுக்கினவை. வருஷா வருஷம் எடுத்துக் கட்டிவிட்டு ஜனவரியில் பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்துவார்கள்.

கீழே முற்றத்தில் நீல் நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தான். கம்பளித் தொப்பி, கழுத்துவரை சால்வை. "லெஃப்ட் விச்சு பய்யா, லெஃப்ட். அரே, உன்னோட லெஃப்ட் இல்ல, என்னோட லெஃப்ட்," என்று அங்கிருந்தே விரட்டிக்கொண்டிருந்தான். மூங்கிலை நான் பிடித்தேன். அங்கிள் கட்டினார். தெற்கு மூலைக் கயிறு பேனலுக்கு மேலாகப் போயிற்று. போன வருஷம் பேனல் கிடையாது. அதனால் அதைப் பற்றி யோசித்துப் பழக்கமும் கிடையாது. அங்கிள் மட்டும் முடிச்சைப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் நின்றார்.

"நிழல் விழுமோ?"

சூரியன் இறங்கி அரை மணி நேரம் ஆகிவிட்டது. மாடியில் எதற்கும் நிழல் இல்லை.

"ஒரு கயிறு நிழல்தானே அங்கிள்," என்றேன் நான். எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

"அதுவும் சரிதான். காலையில பாத்துக்கிடுதேன்."

காலையில் ஆறரைக்கு, பனிக்குள்ளேயே, அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போசரிக்குப் போய்விட்டார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். மறு ஞாயிறும் வேலை. மீட்டர் பட்டறையிலேயே கிடந்தது. பட்டப்பகலில் அந்த மாடியில் இருந்த ஒரே மனிதன் நான். நானோ கறுப்புக் காகிதத்துக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை, பன்னிரண்டரை மணிக்கு, ஆன்ட்டி என் கதவைத் தட்டினார். கையில் பெரிய அலுமினியப் பாத்திரம், மேலே துணி கட்டியிருந்தது. கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பிசைந்த மாவு. ரம்மில் ஊறிய திராட்சை வாசம் குப்பென்று அடித்தது. வீட்டில் அத்தனை பெரிய அடுப்பு யாரிடமும் இல்லை. கட்கியில் ஒரு பேக்கரிக்காரர் டிசம்பர் மாதம் மத்தியானங்களில், ரொட்டி போட்டு முடித்த அடுப்பை, ஊர்ப் பெண்களுக்கு விடுவார். மாவைக் கொண்டுபோய், வரிசையில் நின்று, நம் தட்டில் நம் பேர் எழுதி உள்ளே தள்ளி, வெந்ததும் வாங்கி வர வேண்டும்.

"தம்பி, இன்னைக்கு விட்டா எனக்கு இனி முறை இருபத்து மூணாந் தேதிதான். ஒரு மணிக்குப் போயி நாலு மணிக்குள்ள வந்துருதேன். நீலுக்கு சோறு ஊட்டியாச்சு. மாஸ்க் கட்டிப் படுக்க வச்சிருக்கேன். ரெண்டு மணிக்குக் கரண்ட் போவும். பச்சை எரியுது, பாத்துட்டேன். இருந்தாலும் ஒரு காது கீழ வச்சுக்கோ. பேட்டரி தீரப் போவுதுன்னு இன்வெர்ட்டர் கூவுச்சுன்னா ஓடிப் போயி மாஸ்க்கக் கழட்டி, தூக்கி உக்கார வச்சிரு. உக்காந்தா அவனா மூச்சு விட்டுக்கிடுவான். என்ன?"

"சரி ஆன்ட்டி. நீங்க போங்க."

"கீழ வந்தே படுத்துக்கிடேன்."

"இங்கயே கேக்கும் ஆன்ட்டி. கதவத் திறந்து வச்சுக்கறேன்."

சொன்னபடி திறந்து வைத்தேன். வலது காதுப் பஞ்சை எடுத்துப் போட்டேன். இடது காதில் இருந்ததை எடுக்கவில்லை, ஒன்று போதும் என்று நினைத்தேன். பிறகு தூக்கத்தில் வலது பக்கமாகத் திரும்பிப் படுத்திருக்கிறேன். நல்ல காது தலையணைக்குள் போய்விட்டது.

நாலு மணிக்கு ஒரு சத்தம் கேட்டது. இன்வெர்ட்டர் இல்லை. ஆன்ட்டி.

கீழே ஓடினேன். கேக் தட்டு ஹால் வாசலில் கவிழ்ந்து கிடந்தது. முகமூடி நீலின் முகத்தில் இறுக்கமாக, ஆன்ட்டி கட்டினபடியே இருந்தது. மெஷின் ஓடவில்லை. இன்வெர்ட்டர் ஐந்து நிமிஷம் கூவிவிட்டு எப்போதோ அடங்கியிருந்தது. ஓடாத மெஷினின் முகமூடிக்குள் இருப்பவன் கையைத் தூக்கி அதைக் கழற்ற வேண்டும். நீலின் கை போர்வைக்கு மேலே, வைத்த இடத்தில் இருந்தது. விரல்கள் மட்டும் விரிப்பைக் கொஞ்சம் சுருட்டிப் பிடித்திருந்தன. ஆன்ட்டி அவனைத் தூக்கி உட்கார வைத்து, "நீலு, மூச்சு விடுல. மம்மி வந்துட்டேம்லா. விடுல," என்று முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் பிடித்துக்கொண்டேன். அவன் தலை என் தோளில் சாய்ந்தபோது நான் சுவரைப் பார்த்தேன். பலகையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் ஸ்டார் கட்டுகிற கயிற்றை வைத்துத்தான் சவப்பெட்டியை இறக்கினார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அது வேறு கயிறு. பாதிரியார் பேசினது ஒன்றும் காதில் விழவில்லை. ஆன்ட்டி அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியம். "கேக்கு சுடப் போனேன். பிள்ளைய விட்டுட்டு கேக்கு சுடப் போனேன்." பெண்கள், அப்படிச் சொல்லாதே பெட்டி, கர்த்தர் சித்தம் என்றார்கள். ஆன்ட்டி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அடுத்து வந்தவரிடம் மறுபடியும் அதையே சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ராத்திரி முழுக்க முழிச்ச பிள்ள, அவன் என்ன செய்வான்," என்று யாரிடமோ எனக்காகப் பேசவும் செய்தார். அதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கிள் மாடிக்கு வந்தார். நான் தூங்கவில்லை. கையில் பட்டறை மீட்டர். நான் பின்னால் போய் நின்றேன். பேனல் வயரைக் கழற்றி, மீட்டரின் இரண்டு கம்பிகளையும் வைத்தார்.

"வோல்ட் பத்தொம்பது இருக்கு," என்றார். குரலில் உணர்ச்சியே இல்லை; பட்டறையில் யாரோ எழுதிக்கொள்வதற்குச் சொல்கிற மாதிரி. மீட்டர் குமிழை ஆம்புக்குத் திருப்பி வைத்தார். முள் அசையவில்லை. குனிந்து கண்ணைக் கிட்டக் கொண்டுபோனார். அசைந்ததா இல்லையா என்று சொல்ல முடியாத அசைவு.

அப்புறம்தான் இருவரும் பேனலைப் பார்த்தோம். கீழ் வரிசையில், ஓரத்திலிருந்து இரண்டாவது செல்லின் மேல், ஒரு வெள்ளி இலை படிந்திருந்தது. காற்றில் கயிற்றிலிருந்து பிய்ந்து விழுந்திருக்கிறது. பனி நனைத்து, தூசி ஒட்டி, வெயிலில் காய்ந்து, பசை போட்ட மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. செல்லின் அளவுக்கு இலையின் அளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. மற்ற முப்பத்தைந்தும் வெயிலில் நீலமாக மின்னின.

அங்கிள் நகத்தால் அதை உரித்தார். மீட்டர் முள் துள்ளி மேலே போய் நின்றது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. வெயிலை யாரும் கட் பண்ணவில்லை.

"பச்சை எரிஞ்சுதே அங்கிள்," என்றேன். "நாலு மணிக்கு நானே பாத்தேன்."

"எரியும்," என்றார். "அந்த லைட்டுக்கு எறும்பு குடிக்கிற அளவு போதும். இலை ஓரத்துல கசியிற வெளிச்சத்துக்கே அது எரிஞ்சிரும். பேட்டரிக்குத்தான் ஒண்ணும் போயிருக்காது. எத்தனை நாளோ. நாலு நாளோ, அஞ்சு நாளோ."

"அப்ப ஆன்ட்டி பாத்துட்டுப் போனது சரிதான்."

"சரிதான். அவ மேல ஒரு தப்பும் இல்ல. ஆம்ப் மீட்டர் இல்லாம பச்சைய நம்புன்னு சொன்னவன் நான். சார்ஜர ரிப்பேர் பண்ணாதவன் நான்." இலையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் டீத்தூள் கம்பெனியின் பேர் மங்கலாகத் தெரிந்தது. விளிம்பில் சின்னப் பிள்ளை கத்தரித்த கோணல். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அது கூவினது உனக்குக் கேக்கவே இல்லியா தம்பி?"

"தூங்கிட்டேன் அங்கிள்."

"ம்."

ஆன்ட்டியிடம் சொல்லிவிடலாம் அங்கிள் என்று ஒரு தடவை வாயெடுத்தேன். "சொல்லணும்," என்றார். "இன்னைக்கு வேண்டாம்." ஸ்டாரை இறக்கினோம். கயிறுகளைச் சுற்றினோம்.

இன்றைக்கு வேண்டாம் என்பது நாளைக்கும் வேண்டாம் ஆகி, கிறிஸ்துமஸ் போய், புது வருஷம் போய், ஜனவரி கடைசியும் வந்துவிட்டது. மெஷினை டிரஸ்ட் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனான். நாற்காலியை ஆகுர்டியில் ஒரு பையனுக்குக் கொடுத்தார்கள். நான் சாங்வியில் வேறு அறை பார்த்து, சாமான்களைக் கட்டிவிட்டேன். காரணம் கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் தயாராக வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. சாவி கொடுக்கக் கீழே போனபோது மத்தியானம் இரண்டரை. கரண்ட் இல்லை. அங்கிள் ஸ்டூல் மேல் ஏறி நின்று, சுவர்ப் பலகையைக் கழற்றப் போகிறவராக, திருப்புளியைக் கையில் வைத்திருந்தார். ஆன்ட்டி கட்டிலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மாதத்தில் பாதியாகியிருந்தார்.

"இருங்க. கழட்டாதிய," என்றார் ஆன்ட்டி. "எனக்கு ஒண்ணு கேக்கணும். நானும் எத்தனையோ நாளா நினைச்சுப் பாக்கேன், விளங்க மாட்டேங்குது. அன்னைக்கு நான் போகும்போது பச்சை எரிஞ்சுது. மாவுப் பாத்திரத்தக் கீழ வச்சிட்டு, கிட்டப் போயி நின்னு பாத்தேன். வந்து பாக்கும்போதும் எரிஞ்சுது. பச்சை எரிஞ்சா ஏறுதுன்னுதான சொன்னிய? ஏறியிருந்தா எப்படி நின்னுச்சு?"

விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது, அங்கிள் தலைக்குப் பக்கத்தில். யாருக்கும் தேவையில்லாத பேட்டரிக்கு நல்ல வெயில் நிறைய ஏறிக்கொண்டிருந்தது. அங்கிளின் இடது கை சட்டைப் பைக்குப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியது. இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சவும் செய்தேன். ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிற மனிதர்.

"எரிஞ்சிருக்காது பெட்டி," என்றார். "அவசரத்துல நீ சரியாப் பாத்திருக்க மாட்ட."

ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார்.

"நீயும் இங்கதான நின்ன தம்பி. பிள்ளையப் பிடிச்சுக்கிட்டு இந்தச் சுவரப் பாத்தில்லா நின்ன. எரிஞ்சுதா, இல்லியா?"

எரிந்தது என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். ஏன் என்று சொன்னால் மாடி வரும், இலை வரும், இன்வெர்ட்டர் கூவின ஐந்து நிமிஷம் வரும், என் வலது காது வரும்.

"ஞாபகம் இல்ல ஆன்ட்டி," என்றேன்.

"இருக்கும்," என்றார் ஆன்ட்டி. "எனக்குத்தான் கண்ணு சரியில்ல. கேக்கு நினைப்புலயே போயிருப்பேன்."

எழுந்து என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.